திரைக்கு வெளியே நின்று சொன்னது

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை என் வீட்டு மாடி ஹாலுக்குள் நான் நுழையக் கூடாது. வீடு என் பெயரில்தான் இருக்கிறது. முல்லா வீதியில் நாங்கள் ஐந்து தலைமுறையாக வாழ்கிறோம். இந்த வீட்டின் எந்த அறைக்குப் போகவும் நான் யாரிடமும் அனுமதி கேட்டவனல்ல. ஆனாலும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். அந்த ஹாலைக் கொடுத்தது நான். கொடுத்த பிறகு எட்டிப் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை.

என் இளைய மகள் அரீபா தொல்லியல் ஆராய்ச்சி மாணவி. இந்த ஆண்டு ஏப்ரலில், ஊருக்குத் தெற்கே ஆற்றங்கரையில் இருக்கும் கொம்பன்மேட்டில் அகழாய்வு தொடங்கியபோது அவளுக்கு ஒரு குழியைக் கொடுத்தார்கள். குழி என்றால் வெறும் பள்ளம் அல்ல. நூல் பிடித்து அளந்த சதுரம். ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண், ஒரு மேற்பார்வையாளர், ஒரு குறிப்பேடு. எந்த ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது, எங்கே எந்தப் பானை ஓடு கிடைத்தது என்று மேற்பார்வையாளர் அன்றன்றைக்கு எழுதிக் கையெழுத்திட வேண்டும். அகழாய்வு முடிந்து அறிக்கை அச்சாகும்போது, குறிப்பேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அந்தக் குழியைப் பற்றி எழுதுவார். அரீபாவுக்குக் கிடைத்தது நான்காம் குழி. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வும் அதை நம்பித்தான் இருந்தது.

மே மாதத்தில் ஒரு நாள் நானும் எங்கள் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவரும் காரில் பாகூர்ப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். மேட்டருகே வந்ததும் அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அது நம்ம அரீபா இல்ல? ஆம்பளைங்களோட பள்ளத்துல நிக்குது!" என்றார். வீடு வரும்வரை அந்த ஒரு வார்த்தையே காருக்குள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் நான் அகழாய்வு இயக்குநர் தமிழ்மாறனைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயது மனிதர். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, டீ வரவழைத்தார். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் போனவனல்ல. அன்றும் கேட்கவில்லை, சொன்னேன்.

"எங்க வீட்டுப் பொண்ணு. நிழல்ல, பொம்பளைங்களோட இருக்கிற வேலையாப் பார்த்துக் குடுங்க."

"உங்கள மாதிரி பெரியவங்க சொன்னா சரிங்க ஐயா. நான் பார்த்துக்கறேன்."

திங்கட்கிழமை அரீபாவைக் குழியிலிருந்து எடுத்து, ஓடு கழுவும் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். தோண்டி எடுத்த பானை ஓடுகளைத் தண்ணீரில் தேய்த்து, காய வைத்து, எண் எழுதும் வேலை. நான்காம் குழியை கோபிநாத் என்ற இன்னோர் ஆராய்ச்சி மாணவரிடம் ஒப்படைத்தார்கள். அன்று அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். வெயில் அசதி என்று நினைத்துக்கொண்டேன். நான் அங்கே போய் வந்ததை வீட்டில் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் கூட்டம் தொடங்கியது. அகழாய்வில் வேலை செய்யும் பெண்கள் மட்டும் ஞாயிறுதோறும் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் கூடுகிறார்கள் என்றும், என் மகளும் அதில் ஒருத்தி என்றும் வெளியாள் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அங்க இன்னா பேசறீங்க?"

"அத வெளிய சொல்லக் கூடாதுத்தா. அதான் ரூல்."

"வெளியன்னா? நான் வெளியாளா?"

"ஆம்பளைங்க எல்லாருமே வெளியதான்."

"அப்படி இன்னா ரகசியம்?"

"ரகசியம்லாம் இல்ல. வேலை செய்யற எடத்துல ஒண்ணு நடந்தா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க ஒரு எடம் வேணும். அங்க ஒரு ஆம்பள இருந்தா பாதிப் பேர் வாயத் திறக்க மாட்டாங்க. அவ்ளோதான்."

எங்கள் வீட்டுப் பெண் ஜூஸ் கடையில் உட்கார்ந்து மனக்குறை பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேச வேண்டாம் என்று சொல்லவும் நியாயம் கிடைக்கவில்லை. "பேசறதுன்னா நம்ம வீட்ல பேசுங்க. மாடி ஹால் சும்மாதான கெடக்கு" என்றேன். குடும்பத்தின் கண்பார்வையில் நடக்கும் என்பது என் கணக்கு. அரீபா துள்ளிக் குதித்து மாடிக்கு ஓடினாள். மறுநாளே ஹால் வாசலில் டேப் போட்டு ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. முதல் வரி: ஆண்கள் உள்ளே வரக் கூடாது. இரண்டாவது வரி: இங்கே கேட்டது இங்கேயே இருக்கும். என் கண்பார்வை மாடிப்படியோடு நின்றுவிட்டது.

முதல் ஞாயிறு பதினைந்து பேர் வந்தார்கள். கடைசியாக வந்தவள் கொளஞ்சி. மேட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரி. பதினோரு ஆண்டுகளாக எங்கே அகழாய்வு நடந்தாலும் மண் சுமக்கப் போகிறவள். வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாய், செருப்ப எங்க வுடறது?"

காட்டினேன்.

"மேல ஆம்பள யாரும் இல்லியே?"

"இல்ல."

"அப்ப நீங்களும் வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

என் மனைவி மஹ்பூபா டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனாள். ஆறு மணிக்குத்தான் இறங்கி வந்தாள்.

"டீ குடுக்க ரெண்டு மணி நேரமா?"

"நானும் பொம்பளதானே. உக்காருங்கன்னாங்க, உக்காந்துட்டேன்."

"இன்னா பேசினாங்க?"

"சொல்லக் கூடாதுங்க."

எங்களுக்குத் திருமணமாகி நாற்பத்தொரு வருடம் ஆகிறது. அதுவரை அவள் என்னிடம் சொல்லக் கூடாத விஷயம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். அழுது புலம்பும் கூட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்டதெல்லாம் சிரிப்புச் சத்தம்தான். எதிர் வீட்டுக்காரர் "கல்யாணம் ஏதாவது நிச்சயம் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்கும் அளவுக்குச் சிரிப்பு. இரண்டு வாரத்தில் கொம்பன்மேட்டில் பெண்களுக்கென்று தகரத்தடுப்பு வைத்து ஒரு கழிப்பறை வந்தது. அதுவரை அந்தப் பெண்கள் காலையிலிருந்து வேலை முடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள், ஒதுங்க இடமில்லாததால். இதைச் சொல்லும்போது அரீபா சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் தட்டைத் தள்ளி வைத்தேன். இயக்குநரிடம் உட்கார்ந்து நிழலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேனே, தண்ணீர் எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை செய்தித்தாளில் கொம்பன்மேடு வந்தது. நான்காம் குழியில் உறைகிணறு. சுட்ட மண்ணில் செய்த வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய பழைய கிணறு. படமும் போட்டிருந்தார்கள். கடையில் இருந்த எல்லாப் பிரதிகளையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் மகள் பெயரைத் தேடினேன். வேலை நிழலுக்கு மாறினாலும் குழி அவள் பெயரில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டு முறை தேடினேன். "மேற்பார்வையாளர் கோபிநாத்" என்று மட்டும் இருந்தது.

என் தகப்பனார் மேரி என்னும் நகராட்சி அலுவலகத்தில் பதிவேட்டு எழுத்தராக இருந்தவர். யார் வீட்டுப் பிறப்பை எழுதினாலும் பெயரைக் கேட்டு, திருப்பிப் படித்துக் காட்டி, பிறகுதான் மையைத் தொடுவார். பெயரை விட்டுவிடுவது எங்கள் வீட்டில் சின்னக் குற்றமல்ல.

"அரீபா!" என்று கூப்பிட்டேன். "நீ தோண்டின குழி. இன்னொருத்தன் பேர் எப்படி வந்துச்சு? நான் இப்பவே அந்த இயக்குநரப் பார்த்து..."

"உக்காருங்கத்தா" என்றாள். "அந்த வட்டம் முதல்ல என் கண்ணுலதான் பட்டுச்சு. மண்ணுல சாம்பல் நிறத்துல லேசா ஒரு வளையம். வரைஞ்சு வெச்சேன். ரெண்டு நாள்ல என்னைத் தூக்கிக் கொட்டகையில போட்டாங்க. இன்னும் அஞ்சு வாரத்துல வேலை முடியுது. அதுக்குள்ள குழி திரும்பக் கெடைக்கலன்னா என் ஆராய்ச்சிய வேற எதையாவது வெச்சு முதல்லருந்து ஆரம்பிக்கணும்."

"எதுக்கு மாத்தினாங்களாம்?" என்றேன், தெரியாதவன் போல.

"அதத்தான் தேடிட்டிருக்கோம். அன்னிக்கு மூணு பேர மாத்தினாங்க. நான், ஹேமலதா அக்கா, சந்திரகலா. ஆபீஸ் ஃபைல்ல 'குடும்பத்தார் வேண்டுகோளுக்கு இணங்க'ன்னு இருக்குதாம். யார் குடும்பம்னு இல்ல. ஹேமா அக்கா அவங்க வீட்டுக்காரர்தான்னு முடிவே பண்ணிட்டாங்க. எட்டு நாளா அவரோட பேச்சே இல்ல. சந்திரகலா அவ அண்ணன் வண்டில ஏற மாட்டேன்னு நெல்லித்தோப்புலருந்து பஸ்ல வர்றா."

"நீ இன்னா சொன்னே?"

"எங்க வீட்ல இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். எங்க அத்தா இன்னொருத்தர் வாசல்ல போயி நிக்கிற ஆளு இல்லன்னு சொன்னேன்."

நான் உட்கார்ந்தேன். அவள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் தமிழ்மாறனுக்குப் போன் செய்தேன். மற்ற இரண்டு பெண்களின் வீட்டிலிருந்தும் வந்து கேட்டார்களா என்று விசாரித்தேன்.

"இல்லீங்களே ஐயா. நீங்க மட்டும்தான் வந்தீங்க. ஒரு பொண்ண மட்டும் மாத்தினா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. நீங்களும் பொம்பளைங்களோடன்னு சொன்னீங்க. அதான் துணைக்கு ரெண்டு பேரச் சேர்த்து மாத்தினேன்."

"துணைக்கா?"

"ஆமாங்க. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

என் ஒருவன் மனது கஷ்டப்படாமல் இருக்க மூன்று பெண்கள் ஓடு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"சரி. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். மூணு பேரையும் பழைய எடத்துக்கே அனுப்பிடுங்க."

அவர் சிரித்தார். மரியாதையோடுதான் சிரித்தார். "போன்ல சொன்னா எப்படிங்க ஐயா? ஒரு அப்பா சொல்லி மாத்தினதுக்கே தலைவலியாப் போச்சு. யார் கேட்டதுன்னு அந்தப் பொண்ணுங்க எழுத்துல கேட்டிருக்காங்க. உங்க பேர நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன், கவலப்படாதீங்க."

என் பெயரை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மீது கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பகல் தொழுகை முடிந்து வந்தபோது மஹ்பூபா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நின்றேன். அவள் நிமிராமலே பேசினாள்.

"மே மாசத்துல காலாப்பட்டு போறேன்னு சொல்லிட்டு ஒரு நாள் போனீங்களே."

"ஆமா."

"காலாப்பட்டுல ஏது ஆத்து வண்டல் மண்ணு? செருப்பெல்லாம் அப்பிக்கிட்டு வந்துச்சு."

எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள்.

"நீ ஏன் அரீபாகிட்ட சொல்லல?"

"நான் ஏன் சொல்லணும்? நீங்க பண்ணதுக்கு நான் வாயா?" ஒரு சட்டையை உதறி மடித்தாள். "அந்த ஹேமலதா புருஷன் பாவம். நல்ல மனுஷன். ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு எல்லாரும் இருப்பாங்க."

மூன்று நாட்கள் யோசித்தேன். அரீபாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் மூன்று பேர். ஒருத்தியிடம் சொல்லி மற்ற இருவரை ஏமாற்றுவது நேர்மையில்லை. பிறர் வீட்டில் என்னால் சண்டை நடக்கிறது என்று தெரிந்த பிறகும் பேசாமல் இருப்பது, எந்தப் பேச்சு வரக் கூடாது என்று நான் இயக்குநரைப் பார்க்கப் போனேனோ அதைவிடக் கேவலம்.

ஞாயிறு நான்கே காலுக்கு மாடிப்படி ஏறி, ஹால் வாசலில் தொங்கும் திரைக்கு முன்னால் நின்று கனைத்தேன். எங்கள் வீடுகளில் பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஆண்கள் வரும்போது அதுதான் அறிவிப்பு. உள்ளே சிரிப்பு நின்றது.

"யாரு?" கொளஞ்சியின் குரல்.

"அன்வருதீன்."

"மணி நாலு ஆயிடுச்சே பாய். உங்க வூட்டு கடியாரம் ஓடலியா?"

"தெரியும்மா. ஒரு விஷயம் சொல்லணும்."

"ஆறு மணிக்கு அப்புறம் வந்து சொல்லுங்க."

"ஆறு மணி வரைக்கும் இந்தத் தைரியம் நிக்காது."

உள்ளே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஹேமலதா பேசினாள். பானை ஓட்டைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் காலம் என்று சொல்லக்கூடியவள். குரலிலும் அந்த நிதானம் இருந்தது.

"ஆம்பளைங்க உள்ள வரக் கூடாதுன்னுதான் சார் சட்டம். வெளிய நின்னு பேசக் கூடாதுன்னு எழுதல. அங்கயே நின்னு சொல்லுங்க. திரையத் தொடாதீங்க."

என் தாயார் காலத்தில் வெளியாட்கள் யாராவது வந்தால், இதே வாசலில் பெண்கள் திரைக்கு உள்ளே நின்றுதான் பதில் சொல்வார்கள். திரை வழியாகப் பேசுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எதிரே இருப்பவர் முகம் தெரியாது. பேசியது பிடித்ததா, சுட்டதா என்று தெரியாது. நிமிர்ந்து நின்றேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

"மே மாசம் இயக்குநரப் பார்த்து அரீபாவ நிழல்ல போடச் சொன்னது நான். மத்த ரெண்டு பேர் வீட்லயும் யாரும் எதுவும் கேக்கல. என் பொண்ணுக்குத் துணையா இருக்கட்டும்னு உங்களையும் அவர் மாத்தியிருக்கார். ஹேமலதா, உங்க வீட்டுக்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல. சந்திரகலா, உன் அண்ணன் மேலயும் இல்ல. தப்பு என்னோடது."

டம்ளரில் கரண்டி சுழலும் சத்தம் நின்றது.

"அய்யய்யோ" என்றாள் ஹேமலதா.

"என்னம்மா?"

"பன்னெண்டு நாளா அவரே ரசம் வெச்சு அவரே சாப்பிடறாரு சார்."

"அக்கா, நான் எங்க அண்ணன ஃபேமிலி குரூப்புல துரோகின்னு போட்டுட்டேன்" என்றது ஒரு சின்னக் குரல். சந்திரகலாவாகத்தான் இருக்கும். "எங்க சித்தப்பால்லாம் அதுக்கு லைக் வேற போட்டிருக்காங்க."

யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்தாள். அவ்வளவுதான், ஹால் முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. மஹ்பூபாவின் சிரிப்பும் அதில் இருந்தது. நாற்பத்தொரு வருடச் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியாதா? நான் அசையாமல் நின்றேன். ஒரு குரல் மட்டும் அதில் சேரவில்லை.

"ஏன்த்தா?" என்றாள் அரீபா.

சிரிப்பு அடங்கியது.

"சம்பந்தி வீட்டு ஆளு பார்த்துட்டு ஒரு வார்த்த சொன்னாரு. குடும்பத்துக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பே."

"அதனாலதான் கேக்கணும்."



சற்று நேரம் உள்ளே ஆலோசனை நடந்தது. பிறகு திரைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தள்ளப்பட்டன. நான் படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் பழைய நாள்காட்டி அட்டையை வைத்து எழுத, ஹேமலதா உள்ளிருந்து சொன்னாள். இயக்குநர் அவர்களுக்கு. என் மகளின் பணியிடம் பற்றி அவளைக் கேட்காமல் நான் தங்களிடம் பேசியது... அந்த இடத்தில் நான் "கவனக்குறைவு" என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"கவனக்கொறவா?" என்றாள் கொளஞ்சி. "இஸ்திரி போட்ட சட்டய மாட்டிக்கிட்டு, வூட்ல வேற ஊரு பேரச் சொல்லிட்டு, கவனமாத்தான போயிருக்கீங்க பாய்? தப்புன்னே போடுங்க."

சட்டைச் செய்தி அவள் காதுக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. "தவறு" என்று திருத்தினேன். கையெழுத்திட்டுத் தாளைத் திரைக்கு அடியில் தள்ளினேன்.

"நாளைக்கு நானும் உங்களோட வர்றேன். அந்த ஆளுகிட்ட நேர்ல..."

"வேணாம் சார்" என்றாள் ஹேமலதா. "இத நாங்களே பேசிக்கறோம். நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

போன் செய்தேன். அந்த மனிதர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப இன்னிக்கு ராத்திரி சோறு உண்டா சார்?" என்று மட்டும் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளே கேட்டேன். உண்டு என்றார்கள்.

திங்கட்கிழமை மூன்று பெண்களும் என் கடிதத்தையும் அவர்கள் எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தமிழ்மாறனிடம் போனார்கள். என்ன நடந்தது என்று அரீபா எனக்குச் சொல்லவில்லை. அவள் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே "அம்மா, அத்தாவ சாப்பிட வரச் சொல்லுங்க" என்பாள். நானும் "வர்றேன்னு சொல்லு மஹ்பூபா" என்பேன். நடுவில் மஹ்பூபா இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் மூலமாகத்தான் விவரம் தெரிந்தது. தமிழ்மாறன் முதலில் தயங்கினாராம். பாதியில் ஆள் மாற்றினால் பதிவு கெடும் என்றாராம். அப்போது கோபிநாத் நான்காம் குழியின் குறிப்பேட்டை எடுத்து வந்து விரித்திருக்கிறார். குழியை வாங்கிக்கொண்ட முதல் நாளே, "இங்குள்ள வட்டக் கறையை முதலில் கண்டு வரைந்தவர் அரீபா" என்று தேதியோடு எழுதி வைத்திருந்தாராம். செய்தித்தாள்காரர்கள் அதைக் கேட்கவில்லை. அவரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அதற்காக அரீபாவிடம் அவர் வருத்தம் தெரிவித்தாராம். நான் அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் பேசிய சில வார்த்தைகளை மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மூன்று பேருக்கும் பழைய இடம் கிடைத்தது. புது விதிகளும் வந்தன. இனி யாரை எங்கே மாற்றினாலும் அவரிடமே கேட்டு எழுதி வாங்க வேண்டும். வீட்டார் யார் வந்து சொன்னாலும் டீ கொடுத்து அனுப்பிவிட வேண்டும். ஓடு கழுவும் கொட்டகையில் ஆண்களும் முறை வைத்து இரண்டு வாரம் வேலை செய்ய வேண்டும். முதல் முறை கோபிநாத்துக்கு. பதினோரு ஆண்டுகளாக மண் மட்டும் சுமந்த கொளஞ்சிக்கு, மண்ணைச் சுரண்டும் கரணை கையில் கிடைத்தது. அவள் கேட்டாளாம்: "மண்ணு நெறம் மாறினா மொதல்ல எனக்குத்தான் தெரியுது. அத நான் சொல்லி, அவரு சுரண்டி, அவரு பேரு வருது. நானே சுரண்டினா இன்னா?"

ஒரே ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. நான்காம் குழியின் குறிப்பேட்டில் இரண்டு பெயர்களும் இருக்கும்; அறிக்கையையும் இருவரும் சேர்ந்துதான் எழுதுவார்கள்.

"ரெண்டு பேரா? கண்டுபிடிச்சது அரீபா இல்ல?" என்றேன் மஹ்பூபாவிடம்.

அரீபா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னாள்: "அம்மா, அத்தாகிட்ட சொல்லுங்க, கோபிநாத் தோண்டினது கோபிநாத் தோண்டினதுதான். அடுத்தவங்க பேர அழிச்சு எனக்கு ஒண்ணும் வேணாம்."

மஹ்பூபா என்னைப் பார்த்தாள். "கேட்டுச்சு" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் கொம்பன்மேட்டுக்குப் போனேன். இம்முறை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். தமிழ்மாறன் கொட்டகை ஓரத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, "டீ சொல்லட்டுங்களா ஐயா?" என்றார். வேண்டாம் என்றேன். கோபிநாத் ஒரு வாளியின் முன் குந்தி உட்கார்ந்து பழைய பல்துலக்கியால் ஓடு தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, "தம்பி, ஒடச்சிடாத, ரெண்டாயிரம் வருஷம் தாங்கியிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்காம் குழியின் ஓரத்தில் போய் நின்றேன். உள்ளே, ஓர் ஆள் ஆழத்தில், உறைகிணற்றின் வளையங்கள் சிவப்பாகத் தெரிந்தன. கொளஞ்சி மண்டியிட்டு அடி வளையத்தைச் சுற்றிக் கரணையால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அரீபா துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டி, காதில் பென்சில் செருகி, அளவு நாடாவைப் பிடித்து நின்றாள். நான்கு ஆண்கள் அவள் சொல்லக் கேட்டு மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சாலையில் கார்கள் போயின. எந்தக் காரில் யார் இருந்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, மேல நாடாவப் பிடிக்க ஆளு எங்க?" என்றாள் அரீபா.

"தண்ணி குடிக்கப் போயிருக்கா" என்றாள் கொளஞ்சி. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "மேல பாய் நிக்கிறாரு. சும்மாதான் நிக்கிறாரு."

அரீபா நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது நாட்களுக்குப் பிறகு, மஹ்பூபா இல்லாமல், நேராக என்னிடம் பேசினாள்.

"அத்தா, இந்த முனையப் பிடிங்க. அந்தக் குச்சிக்கு நேரா. ஆடக் கூடாது."

நாடாவின் முனை மேலே வந்தது. பிடித்தேன்.

"நின்னுட்டுப் பிடிச்சா அளவு தப்பும். குனிஞ்சு தரையோட வைங்க."

குனிந்தேன்.

"இன்னும் கீழ."

முழங்காலைத் தரையில் ஊன்றினேன். கொளஞ்சி வாயைத் திறந்தாள். அரீபா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். என் மகள் அளவைச் சத்தமாகச் சொல்லி, குறிப்பேட்டில் எழுதி, கீழே தன் பெயரை முதலெழுத்தோடு முழுதாக எழுதினாள்.

"போதுமா?" என்றேன்.

"இன்னும் பத்து அளவு இருக்கு" என்றாள். "விட்டுடாதீங்க."